மூன்று கடையிலும் ஒரே கோணல்

மச்சினன் வேலையை விட்டுப் போன பிறகு மரத்துக்கு உப்புத்தாள் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆறு வருஷம் தேய்த்தேன். இப்போது சட்டைக்குள் கையை நுழைக்கவே வலது தோள் மல்லுக்கட்டுகிறது. அதனால்தான் பெல்ட்டும் டிஸ்க்கும் சேர்ந்த தேய்ப்பு மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டை ஒட்டின பட்டறையில் போடலாம் என்று கிளம்பினேன்.

"ஆளை விரட்டிட்டு மெஷின் தேடுறீங்க," என்றாள் என் மனைவி. மச்சினன் அவளுடைய தம்பி.

"நானா விரட்டினேன்? அவனா போனான்."

"நீங்க போய் ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுவான்."

"கோணலா அறுத்தவன் அவன். அவன் வரட்டும்."

நடந்தது இதுதான். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு அலமாரி செய்தோம். நேர்மூலை பார்க்கிற மூலைமட்டத்தை வைத்து நான் கோடு போட்டேன், அவன் அறுத்தான். மாட்டினால் இரண்டு கதவும் மேலே முட்டிக்கொண்டன, கீழே விரல் நுழைந்தது. "கண்ணு கோணலானவன் கையில ரம்பத்தைக் கொடுத்தா இப்படித்தான்," என்று மருந்துக்கடைக்காரர் குடும்பமே நிற்க, சொல்லிவிட்டேன். "கோடு கோணல், மாமா," என்றான். என் மூலைமட்டத்தையா சொல்கிறாய் என்று எகிறினேன். ரம்பத்தை வைத்துவிட்டுப் போனவன்தான். அவன் அக்காதான் வாராவாரம் அவன் வீட்டுக்குப் போய் வருகிறாள்.

கடைக்காரன் சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை. என் மூலைமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். மனைவியும் கூட வந்தாள், நான் யாரோடாவது சண்டை போடுவேன் என்று.

முதல் கடையில் மெஷினைப் போட்டதும் மேஜையே குதித்தது. அது கிடக்கட்டும் என்று, நிறுத்தச் சொல்லி, டிஸ்க்குக்கு முன்னால் மரத்தை வைக்கிற தட்டில் மூலைமட்டத்தை நிறுத்தினேன். தட்டும் டிஸ்க்கும் நேர்மூலையாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. மட்டத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே, அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"திருகை முடுக்கினா சரியாயிடும், ஐயா."

"கடையிலேயே கோணலா நிக்கிறது என் வீட்டுக்கு வந்து நேராகுமா?"

இரண்டாவது கடையில் பெல்ட் ஒரு பக்கமாகவே ஓடியது. தட்டு, அதே கோணல். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கடைக்காரன் டீ வாங்கி வைத்தான். அதைக் குடிக்காமல் வெளியே வந்தேன். மனைவி என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது கடையில் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், கை நிறைய கிரீஸ். அவள் மெஷின் அலுங்காமல் ஓடியது, பெல்ட் நடுவிலேயே நின்றது. தட்டில் மட்டத்தை வைத்தேன். அடியில் வெளிச்சம்.

"எல்லாரும் திருட்டுப் பசங்க," என்றேன். "மூணு கடையிலயும் ஒரே கோணல்."

"ஒரே கோணலா?"

"மயிரிழை மாறல."

அந்த அம்மா கையைத் துடைத்தாள். "மூணு கம்பெனி மெஷினும் ஒரே மாதிரி கோணுமா, ஐயா? அந்த மட்டத்தைக் கொஞ்சம் கொடுங்க."

ஓரம் நேரான பலகை ஒன்றை எடுத்தாள். மட்டத்தை ஓரத்தில் அணைத்து பென்சிலால் ஒரு கோடு. மட்டத்தை மறுபக்கமாகப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியென்றால் இரண்டும் ஒன்றாகப் படிய வேண்டும். படியவில்லை. கத்தரிக்கோல் வாயைத் திறந்த மாதிரி விரிந்து போயின.

"பலகை கோணல்," என்றேன்.

வேறு பலகை எடுத்தாள். நானே கோடு போட்டேன். விரிந்தது. அவளுடைய மட்டத்தை வாங்கி அதே பலகையில் போட்டேன். ஒரே கோடு.

"இது எங்கயாவது கீழ விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

விழுந்தது. அலமாரி வேலைக்கு முந்தின வாரம், சிமெண்டுத் தரையில். எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மச்சினனிடம் சொல்லவில்லை. "கோடு கோணல்" என்று அவன் சொன்னபோது மட்டம் விழுந்த சத்தம் என் காதில் கேட்கத்தான் செய்தது. இதை எழுதும்போதும் கேட்கிறது.

மனைவி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"மெஷினை எடுத்து வைக்கவா?" என்றாள் கடைக்கார அம்மா.

"வைம்மா. யாருக்கும் கொடுத்துடாதே. வர்றேன்."

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். தம்பி வீட்டு நிறுத்தத்தில் மனைவி இறங்கினாள். நானும் இறங்கினேன்.

மச்சினன் வாசலில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்த பிறகு உட்காரலாமா என்று யோசித்தான்.

"என்ன மாமா, வழி தப்பிட்டீங்களா?"

மூலைமட்டத்தை நீட்டினேன். புரட்டிப் பார்க்கக்கூட இல்லை அவன்.

"இதை வச்சா ஆறு வருஷமா ஓட்டுனீங்க?"

"ஆமா."

"செஞ்சதெல்லாம்?"

"இடுக்குல மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சேன். ஈரத்துல மரம் முறுக்கிக்கிச்சுன்னு சொன்னேன்."

சிரித்துவிட்டான். அவன் அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கீழ போட்டது நான்தான், மாப்ளே. உன் கண்ணு நேராதான் இருந்துச்சு."

அவன் சிரிப்பு நின்றது. செருப்பைப் பார்த்தபடி சொன்னான்: "இங்க அக்கா ஒருத்திதான் கேக்குறா மாமா. அன்னிக்கு அந்த வீட்ல அஞ்சு பேர் நின்னாங்க. இன்னிக்கும் மருந்து வாங்கப் போனா அந்த ஆள் என் கண்ணைத்தான் பார்க்குறாரு."

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். கால் சும்மா இருக்கவில்லை எனக்கு. இரண்டு தரம் தெருவரை போய்த் திரும்பினேன்.

"செருப்பைப் போடு," என்றேன். "மருந்துக்கடை சாத்துறதுக்குள்ள போயிடலாம்."

"ஆணி இன்னும் முழுசா இறங்கல மாமா."

"ஒத்தச் செருப்போட வாடா."

மருந்துக்கடையில் கூட்டம் இருந்தது. நல்லதுதான். மூலைமட்டத்தை அவர் மருந்துச் சீட்டுகளின் மேல் வைத்தேன். "உங்க அலமாரி கோணலுக்குக் காரணம் இது. கீழ போட்டுக் கோணலாக்கினது நான். இவன் இல்ல," என்று தெருவரை கேட்கும்படி சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எனக்குப் பின்னால் ஒரு காலில் செருப்போடு நின்றவனைப் பார்த்தார்.

"அப்ப கதவைச் சரிபண்ணித் தர்றது யாரு?"

"நாளைக்குக் காலையில வர்றோம்," என்றான் மச்சினன். "மட்டம் நான் கொண்டு வர்றேன்."