பின்னால் வருகிறார்

நான்கு மணி நேரமாக நடக்கிறாள், கேரியோன் ஊரைத் தாண்டியபின் ஒரு வீடுகூடக் கண்ணில் படவில்லை, இரண்டு பக்கமும் அறுத்த கோதுமைத் தாள், நிழல் என்று ஒன்றும் கிடையாது... கால் வலிக்கிறதா என்று நியேவெஸ் தன்னையே கேட்டுப் பார்த்தாள், வலித்தது, ஆனால் வேறு யாருடைய காலோ போல இருந்தது. சந்தியாகோ கோயிலுக்கு யாத்திரையாக நடந்து போகிற இந்தப் பாதையில் பெயர் கேட்பதற்கு முன்பே தனியாகவா என்று கேட்டுவிடுகிறார்கள். முதல் நாள் காப்பிக் கடையில் ஒருத்தி கேட்டாள், வீட்டுக்காரர் பின்னால் வருகிறார் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தா சொன்னாள்? தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தொலீன் ஒவ்வொரு ஊரிலும் பின்னால் வந்துகொண்டே இருக்கிறார்.

“என்னம்மா, உன் வீட்டுக்காரர் நத்தையோட பந்தயம் விட்டுத் தோத்துட்டாரா?” என்று கேட்டபடி ஃபெர்மீன் பக்கத்தில் வந்து நடந்தார், பம்ப்லோனாவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். “முட்டி சரியில்லீங்க,” என்றாள். அது நிஜம், மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நீ போ வந்துடறேன் என்பார்... பிப்ரவரியில் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னது நாத்தனார்தான், ஒரே வாக்கியம், திரும்பத் திரும்ப, நியேவெஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை சொன்னதில்லை. சொல்லாதவரை என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, நடக்கலாம்.

பள்ளத்துக்குள்ளிருந்து திடீரென்று ஊர் வந்தது. சத்திரம் இன்னும் திறக்கவில்லை, வாசலில் பைகள் வரிசையாக நின்றன, பை நின்றால் ஆள் நின்றது போல, வந்த வரிசையில்தான் படுக்கை. அவள் தன் பையை வைத்தாள், அதை ஒட்டி அந்தொலீனின் துணிப்பையை வைத்தாள், தினமும் வைக்கிறாள், ராத்திரி அந்தப் படுக்கை சும்மா கிடக்கும், முந்தின ஊரிலேயே தங்கிவிட்டார் என்பாள், இடம் மிச்சம் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இன்று வரிசை நீளம். கடைசியாக வந்த பெண் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள், குதிகாலில் காலுறை ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. சத்திரத்துக்காரி எலாடியா கதவைத் திறந்து பைகளை எண்ணினாள்.

“ஒரு படுக்கை குறையுது. இந்தத் துணிப்பை யாரோடது?”

“என் வீட்டுக்காரரோடது. பின்னால வர்றார்.”

“எப்போ வருவாரு? இந்தப் பொண்ணு இந்தக் காலோட அடுத்த ஊருக்கு எப்படிப் போவா?”

“பாவம்மா, முட்டி வலிக்காரர்,” என்றார் ஃபெர்மீன். “டாக்ஸிக்குச் சொல்லு, நான் எதிர்ல போய்க் கூட்டிட்டு வந்துடறேன். எப்படி இருப்பாரு, தாடி உண்டா?”

தாடி இல்லை, சாம்பல் நிறத் தொப்பி என்று சொல்ல வாய் போனது... போவார், இந்த மனிதர் நிஜமாகவே போவார், வெயிலில் வருகிற ஒவ்வொரு கிழவரையும் நிறுத்தி நீங்கதான் அந்தொலீனா என்று கேட்பார், ஒருவரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், அப்புறம் திரும்பி வந்து இவளிடம் மன்னிப்புக் கேட்பார். அவள் குனிந்து துணிப்பையை எடுத்தாள். எடையே இல்லை. குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

“படுக்கையை அவங்களுக்குக் குடுத்துடுங்க. என் வீட்டுக்காரர் செத்துட்டார்.”