எதிர்ப்பக்கம் சாயும் தையல்

திரைச்சீலைக் கடையின் வாசலில் போட்டிருந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் ஆவிக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, "போயிடாதீங்க அண்ணி, இதோ முதலாளி கூப்பிடுவார்" என்றாள். மூன்றாவது முறையாக.

சட்டைக் கம்பெனி மூடியதிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. கம்பெனியில் எல்லோருக்கும் அவள் நொட்டாங்கை. ஊசி பிடிப்பது இடக்கையில். அதுவே பழகிப்போய், யாராவது சொந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள்.

முதலாளி கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தார்.

"கைத்தையல் வருமா?"

"அது ஒண்ணுதாங்க ஒழுங்கா வரும்."

"இப்படித்தான் சொல்லிக்கிட்டு ரெண்டு பேர் வந்தாங்க. முதல் முழம் மணி மணியா இருந்துச்சு. அப்புறம் தையல் குடிகாரன் மாதிரி நடக்குது. ஓட்டல்காரன் அத்தனை திரையையும் திருப்பி அனுப்பிட்டான். கொஞ்ச தூரம் எல்லாருந்தான் அழகா தைப்பாங்க. நீளமா தைச்சது ஏதாவது இருந்தா காட்டு."

"இருக்குங்க. ஆனா கொண்டுவர முடியாது."

"ஏன்?"

"மியூசியத்துல தொங்குது."

முதலாளி நாத்தனாரைப் பார்த்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நெசந்தாங்க. அது எங்க வீட்டுல கிடந்தப்ப அதைத் தாண்டாம சமையலறைக்குப் போக முடியாது. எங்கண்ணன் ஒருநாள் தூக்கக் கலக்கத்துல அதையே போர்த்திக்கிட்டுப் படுத்துட்டாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மியூசியம் அடுத்த தெருவில்தான். கடையைப் பூட்டி மூவரும் நடந்தார்கள்.

பெரிய கூடத்தில் அது கூரையிலிருந்து தரைவரை இறங்கியிருந்தது. தொழிலாளர்கள் போட்டுக் கழித்த நீல, காக்கி உடுப்புகளின் துண்டுகள், ஒன்றோடொன்று கையால் தைத்தவை. பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒரு பழைய ஒட்டுப் போர்வை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தக் கண்காட்சி. முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்ப்பலகைகளைப் படித்தார். போர்வைக்கு, 'செய்தவர் பெயர் தெரியவில்லை.' பெரிய துணிக்கு, 'பொறுமை' என்ற தலைப்பும் ஒரு கலைஞரின் பெயரும்.

"இதுல வேற ஒரு அம்மா பேரு இருக்கே?"

"அவங்க யோசனைதாங்க. எந்தத் துண்டு எங்க வரணும்னு எங்க வீட்டுத் தரையில உட்கார்ந்து அடுக்கிக் குடுத்தாங்க. நல்ல மனுஷி, வெறுங்கையோட வரவே மாட்டாங்க. தைச்சது நான்."

"பொறுமைன்னு பேரு வெச்சிருக்காங்க பாருங்க," என்றாள் நாத்தனார். "நூல் சிக்குனப்பல்லாம் அண்ணி திட்டின திட்டு எல்லா மூலையிலயும் ஒட்டியிருக்கும்."

"சும்மா இருடி."

முதலாளி தாடையைச் சொறிந்தார். "நீதான் தைச்சேன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"உங்க கைக்குட்டையைக் குடுங்க."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஊசியை எடுத்து நூல் கோத்து, கைக்குட்டையின் ஓரத்தை மடித்துத் தைக்கத் தொடங்கினாள். தூரத்திலிருந்து காவலாளி எழுந்து வருவதைப் பார்த்ததும் நாத்தனார் குறுக்கே போய் நின்றாள். "அண்ணே, இங்க டாய்லெட் எந்தப் பக்கம்?" கட்டடத்தின் எல்லாத் திருப்பங்களையும் அவர் அக்கறையாக விளக்கி முடிப்பதற்குள் ஊசி பைக்குள் போய்விட்டது.

"என் தையல் மத்தவங்களுக்கு எதிர்ப்பக்கம் சாயும். வெச்சுப் பாருங்க. தொட்டுடாதீங்க, சத்தம் போடுவாங்க."

முதலாளி கைக்குட்டையைத் துணியின் அருகே பிடித்துக் குனிந்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாக நடந்தார்.

அவருக்காகக் காத்திருந்த நேரத்தில் அவள் பழைய போர்வையைப் பார்த்தாள். ஒரு மூலையில் நீல நூல் நின்று பழுப்பு நூல் தொடங்கியிருந்தது.

"இங்க பாரேன். இவளுக்கும் நூல் தீர்ந்துபோயிருக்கு."

"கடை மூடியிருக்கும் அண்ணி."

"இல்ல, புருஷன் வாங்கிட்டு வரேன்னு போயி வந்திருக்க மாட்டான்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முதலாளி திரும்பி வந்தார். "கடைசி வரைக்கும் கை மாறவே இல்லையே." கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "திங்கக்கிழமை வந்துடு. ஓட்டல் திரை பூரா நீதான்." மணியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு விரைந்தார். அவர் தலை மறைந்ததும் நாத்தனார் அவள் இடுப்பில் கிள்ளினாள். அவளுக்குக் காலே தரையில் பாவவில்லை.

அப்போது ஒரு கூட்டம் உள்ளே வந்தது. அழைத்துவந்த பெண் பெரிய துணியின் முன் நின்று, "ஒவ்வொரு தையலையும் கவனிங்க. இதுல கலைஞரோட கை எவ்வளவு நிதானமா இருக்கு" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்கச் சுகமாக இருந்ததால் அவளும் ஆட்டினாள்.

கேமராவைத் தூக்கிய ஒருவர் அவளைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார். "கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? நீங்க படத்துல விழறீங்க."

"அதுக்கென்னங்க," என்று நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு அவள் நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

சிரித்துக்கொண்டே நிலைக்கதவைத் தாண்டி வெளியே போய் நின்றார்கள். இப்போது துணி முழுவதும், ஓரத்துத் தையல்வரை, பெயர்ப்பலகையோடு சேர்ந்து படத்தில் விழுந்தது.