விசிறிக்கு ஒரு தள்ளு

கம்பெனியிலிருந்து என் குரல்பதிவு மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. பள்ளிப் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பது என் வேலை. வாசிப்பு நன்றாக இருக்கிறதாம், பின்னால்தான் ஏதோ உறுமுகிறதாம். இன்னொரு முறை உறுமினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். உறுமுவது என் பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சுற்றுகிற விசிறி. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு, நான் தொண்டைத் தண்ணீர் வற்ற வாசித்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும்.

அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார். கூப்பிடாவிட்டால் அதுவும் கிடையாது.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் வந்து பெட்டியின் பக்கமூடியைக் கழற்றினான். மஞ்சள் ஒயரோடு சேர்ந்திருந்த விசிறி ஒயரைப் பிரித்துச் சிவப்பு ஒயரோடு சேர்த்து டேப் சுற்றினான்.

"மஞ்சள்ல பன்னெண்டு வோல்ட் வருதுக்கா, அதான் இந்தக் கத்து கத்துது. சிவப்புல அஞ்சுதான். சத்தமே வராது. ஆனா அவ்வளவு கம்மியில அது தானா கிளம்பாது. ஆன் பண்ணதும் பென்சிலால ஒரு தள்ளு தள்ளிவிடு. அப்புறம் அதுபாட்டுக்குச் சுத்தும். மூடியைத் திறந்தே வை."

"இதையும் நான்தான் தள்ளணுமா?"

தம்பி கட்டிலை ஒரு பார்வை பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் துணி துவைத்து, சமையலை முடித்து, அரக்கப்பரக்க ஓடிவந்து உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டு வாசித்தேன். பாடம் முடியப்போகிற நேரத்தில் திரை பொசுக்கென்று அணைந்தது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. விசிறியைத் தள்ளிவிட மறந்துபோயிருந்தேன். வாசித்ததெல்லாம் போயிற்று. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

"இந்த வீட்ல ஒண்ணுகூட தானா ஓடாதா? எல்லாத்தையும் நானே பின்னாடி நின்னு தள்ளணுமா? என்னால முடியலைங்க."

கட்டிலில் அந்த முதுகு அசையவில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. சொன்னால்தான் என்ன என்றும் இருந்தது. அடுப்படிக்குப் போய் முகம் கழுவி, பெட்டி ஆறட்டும் என்று அங்கேயே சற்று நேரம் நின்றேன்.

திரும்பி வந்து, வேறெதையும் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். பதிவுப் பொத்தானை அழுத்திய பிறகுதான் விசிறி ஞாபகம் வந்தது. பென்சிலைத் தேடினால் மேசைமேல் இல்லை. கீழே குனிந்தேன்.

பெட்டியின் பக்கத்தில் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். பென்சில் அவர் கையில் இருந்தது. விசிறியின் இறக்கையை மெல்லத் தள்ளினார். அது கொஞ்சம் தயங்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

"நீ படி. நான் பாத்துக்கறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து வாசித்தேன். நான் முடிக்கும்வரை அவர் விசிறியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் பதிவைப் போட்டுக் கேட்டேன். உறுமல் சுத்தமாக இல்லை. ஆரம்பத்தில் மட்டும் அவர் குரல் விழுந்திருந்தது. கம்பெனிக்கு அது ஆகாது. வெட்டி எடுத்துவிட்டுப் பாடத்தை அனுப்பினேன். வெட்டிய துண்டை அழிக்கவில்லை.