மாரப்பன் பிரித்துப் போட்ட ஓவன்

மைக்ரோவேவ் ஓவனின் மூடியை மறுபடியும் கழற்றிவிட்டு, ஒன்றுமே புரியாதவர் போல உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மாரப்பன். என்ன கோளாறு என்று முதல் நாளே அவருக்குத் தெரியும். ஃப்யூஸ் போயிருந்தது. மறுநாளே கொல்லங்கோட்டுக்குப் போய்ப் புதுசு வாங்கிவந்து சட்டைப் பையில் போட்டவர், இன்னும் அதை வெளியே எடுக்கவில்லை. மாந்தோப்பு மோட்டார் நின்றால் அரை மணியில் ஓடவைக்கிற மனுஷன், சோறு சுட வைக்கிற பெட்டியிடம் தோற்றுப்போனதாக நடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் மருமகள் பிரதீபாவால் வந்தது. கல்யாணம் ஆன கையோடு மகன் ரமேஷ்குமாரை மாடியில் தனிக்குடித்தனம் வைத்தது இவர்தான். தள்ளி இருந்தால்தான் ஒட்டுதல் என்று கோவிந்தாபுரத்தில் பல வீட்டுப் பஞ்சாயத்தைப் பார்த்துக் கற்ற பாடம். சண்டை வரவில்லை, உண்மைதான். பேச்சும் வரவில்லை. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறன்று சமைத்து ஃபிரிட்ஜில் வைத்து வாரமெல்லாம் சுட வைத்துத் தின்றார்கள். கீழே அவரும் மனைவி பெரியம்மாளும் டிவிக்கு முகம் காட்டிக்கொண்டு தின்றார்கள்.

மாடியில் அந்த ஓவன் செத்த அன்றைக்குக் குழம்புக் கிண்ணத்தோடு பிரதீபா கீழே வந்தாள்.

"சூடு பண்ணிக்கட்டுங்களா அத்தை?"

"பழசெல்லாம் எதுக்கு சாமி? தோசை ஊத்தறேன், உக்காரு."

அன்றிலிருந்து தினமும் வந்தாள். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, தன் பேங்க் மேனேஜர் மாதிரிப் பேசிக் காட்டினாள். பெரியம்மாள் புரையேறச் சிரித்தாள். தன் பேச்சுக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லையே என்று மாரப்பனுக்குக் கொஞ்சம் பொறாமைகூட. ஆனாலும் வீடு வீடாக இருந்தது.

"ஏனுங்க, இன்னுமா ஆகலை?" என்பாள் பெரியம்மாள்.

"உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். அவசரப்பட்டா தூக்கி அடிச்சுப்போடும்."

சனிக்கிழமை காலையில் ரமேஷ்குமார் குறுக்கே விழுந்தான். "உடுங்கப்பா. நாளைக்குப் புதுசே வாங்கிக்கலாமுங்க."

மாரப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளைகளின் சாமானை ஒளித்து வைத்தா பாசம் சம்பாதிப்பது? ஃப்யூஸைப் போட்டார். விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது. தானே மாடிக்குத் தூக்கிப்போய் வைத்து, தண்ணீர் கொதிக்கவைத்துக் காட்டினார்.

"ஆயிருச்சுங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள் பிரதீபா.

அன்று சாயங்காலம் பெரியம்மாள் இரண்டு பேருக்கு மட்டும் மாவு எடுத்து வைத்தாள். மாரப்பனுக்குத் தட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மாமா, மறுபடியும் நின்னு போச்சுங்க." கிண்ணத்தோடு பிரதீபா நின்றாள்.

தன் கைவேலை தப்பாதே என்று பதறிப்போய் மாடிக்கு ஓடினார். பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார். பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

கீழே வந்தபோது பிரதீபா மேடைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க மாமா கோளாறு?" அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

மாரப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது லேசுல ஆகாது கண்ணு. நிதானமாப் பிரிச்சுப் பாக்கோணும். அவனையும் சாப்பிடக் கூப்புடு."

பெரியம்மாள் பக்கத்து அடுப்பையும் பற்றவைத்து, இன்னொரு தோசைக்கல்லை ஏற்றினாள்.