பியெரோகிக்கு முன், பியெரோகிக்குப் பின்

எட்டு வருஷமாகக் கேட்டுவரும் கேள்விக்கு இன்று பகல் மூன்று மணிக்குப் பதில் கிடைக்கப்போகிறது என்பதால் ஒத்தீலியாவுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கேள்வி ஒன்றும் பெரிதில்லை. போலந்துக்குப் போன மகன் ஊர் திரும்புவானா, மாட்டானா? சினிமா படிக்கப் போகிறேன், நாலே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனவன் ரோமுவால்தோ. நாலு எட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் இவள் கேட்பாள், அவன் அங்கே பனி பெய்வதைப் பற்றிப் பேசுவான். போன மாதம் இவள் விடாப்பிடியாக நின்றதும், "பதில என் படத்துல சொல்லியிருக்கேன்மா. நம்ம சங்கத்துக்கு அனுப்பறேன், பாத்துக்கோ" என்றான். பெற்றவளுக்கு ஒரு பதில் சொல்ல ஒரு முழுப்படம் வேண்டியிருக்கிறது. கேட்டால் கலை என்பார்கள்.

பிரேசிலில் இருக்கும் இந்த ஊர்ப் போலிஷ்காரர்களின் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் போலிஷ் திரைப்பட வாரத்துக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, படத்துக்குக் கீழே போர்ச்சுகீசிய எழுத்து ஓடக்கூடாது. "நாம போலந்துக்காரங்க. நமக்கெதுக்கு அது?" என்பார் தலைவர் காசிமீரோ. அவருடைய தாத்தாவே பிறந்தது இந்தப் பரானா மாநிலத்து மண்ணில்தான். ஊரார் பேசும் போலிஷ், கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாக்களின் போலிஷ். மாட்டை ஓட்டவும் ஜெபம் சொல்லவும் அது தாராளமாகப் போதும். திரையில் வார்சாக்காரர்கள் படபடவென்று பேசும்போது பத்து வார்த்தையில் மூன்று பிடிபட்டால் அதிகம். அதை யார் வாய்விட்டு ஒப்புக்கொள்வது? பக்கத்து நாற்காலி சிரித்தால் சிரிப்பார்கள், அது மூக்கைச் சிந்தினால் இவர்களும் சிந்துவார்கள்.

இரண்டாவது சட்டம், படத்தின் நடுவில் பியெரோகி சூடாகப் பரிமாறப்பட வேண்டும். மாவுக்குள் பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடி வேகவைத்தது ஆறிப்போனால் வாயில் வைக்க விளங்காது. அதனால் எப்பேர்ப்பட்ட படம் வந்தாலும் காசிமீரோ அதை முதல் நாளே கணினியில் இரண்டாக வெட்டி வைத்துவிடுவார்.

முன்வரிசையில் ஒத்தீலியா உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் சிநேகிதி ஜெனொவேவா, அடுப்பை வேறு பெண்களிடம் விட்டுவிட்டு ஏப்ரனோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். விளக்கு அணைந்தது.

தாடிக்காரன் ஒருவன் ஒரு மரவீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனான். வீட்டில் ஆளில்லை. கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. சுவரில் ஓர் அம்மாவின் படம், அதன் மூலையில் கறுப்பு நாடா. அவன் சமையலறையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"யாருடி செத்தது?" என்று கிசுகிசுத்தாள் ஜெனொவேவா.

"அம்மா போலருக்கு."

"அடப்பாவி! உன்னையவா சாகடிச்சான்?"

தாடிக்காரன் கோழிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தான். வரிசையாகப் பெயர்கள் ஓடத் தொடங்கின. "பாருங்க, பாதியிலேயே எல்லாருக்கும் நன்றி சொல்றான். நல்ல வளர்ப்பு" என்று காசிமீரோ விளக்கைப் போட்டார். தட்டுகள் வந்தன. செத்துப்போனவளுக்கு எங்கே பியெரோகி இறங்கும்? அவள் தட்டையும் சேர்த்து ஜெனொவேவாதான் காலி செய்தாள்.

மறுபடி இருட்டியதும் திரையில் படத்தின் பெயர் வந்தது. அடுத்து, சுவரில் கறுப்பு நாடாவோடு தொங்கிய அதே அம்மா உயிரோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"செத்தவ எந்திரிச்சுட்டாடி!"

காசிமீரோ திரும்பினார். "பழைய நெனப்புங்க அது. புதுப் படமெல்லாம் இப்பிடித்தான். பேருகூட நடுவுலதான் போடுவாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒத்தீலியாவும் ஆட்டினாள். ஆனால் அந்த அம்மா வாயைத் திறந்ததும் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் பேசியது வார்சா போலிஷ் இல்லை. இந்த ஊர் போலிஷ், மாட்டுக்கும் ஜெபத்துக்குமான போலிஷ். தாடி முளைக்காத மகனை அவள் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் ஒத்தீலியா தன் அடுப்படியில் திட்டியது. எங்கோ ஒரு நடிகையை உட்காரவைத்து ரோமுவால்தோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறான். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அம்மா பெட்டி கட்டினாள். இருவரும் சாலைக்கு நடந்தார்கள். பஸ் வந்தது. மகன் படியில் ஒரு காலை வைத்தான், திரும்பி அம்மாவைப் பார்த்தான். திரை இருண்டது.

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது.

"போகலடி! நின்னுட்டான்!" என்று ஜெனொவேவா கட்டிக்கொண்டாள். "உன் புள்ள வரான்!"

பஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக டிக்கெட் கொடுப்பவள் ஒத்தீலியா. படியில் கால் வைத்துவிட்டு இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தன் பிள்ளை அவர்களில் ஒருவனாக இருக்கக்கூடாதா என்ன? சந்தோஷம்தான். ஆனால் போகவே இல்லையென்றால் அந்தத் தாடிக்காரன் யார்? செத்தது யார்? யாரைக் கேட்பது? எல்லோர் முகத்திலும் புரிந்த களை.

போன் அடித்தது. ரோமுவால்தோதான். அவள் வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"பாத்தியாம்மா? முடிவு புரிஞ்சுதா?"

"புரியாம என்னடா? பஸ்ல ஏறாம நின்னுட்டான்ல."

"அது நடுவுலம்மா."

"நடுவுல பியெரோகிடா."

"வீடு காலியா இருக்குமே, அது எப்ப வந்துச்சு?"

"எடுத்ததும் வந்துடுச்சு. மொதல்ல நான் செத்தேன், அப்புறம்தான் எந்திரிச்சேன்."

"ஐயோ! ரெண்டாவது பாதிய மொதல்ல போட்டுட்டாங்கம்மா! ஒருத்தர்கூடவா கேக்கல?"

"எங்களுக்கெல்லாம் புரிஞ்சுதுடா" என்றாள் பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான் மண்டைக்குள் பாதிகள் இடம் மாறின. ஏறிவிட்டான். போய்விட்டான். தாடி வளர்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது வீட்டில் யாருமில்லை.

"அப்போ நான் செத்தப்புறம்தான் வருவியாடா?"

"இல்லம்மா! அப்பிடி ஆயிடுமோன்னு பயம். அதத்தான் எடுத்தேன்."

"பயம் இருக்கட்டும். வருவியா, மாட்டியா?"

பனியைப் பற்றி ஆரம்பிப்பான் என்று காத்திருந்தாள். அவன் ஆரம்பிக்கவில்லை.

"தெரியலம்மா. இங்கயும் இருக்க முடியல, அங்க வந்தா என்ன செய்வேன்னும் தெரியல. தெரிஞ்சிருந்தா எதுக்குப் படம்? போன்லயே சொல்லியிருப்பேனே."

பின்னால் வந்து நின்றிருந்த காசிமீரோவுக்குப் பாதிப் பேச்சிலேயே விஷயம் விளங்கி முகம் வெளுத்துவிட்டது. "ஒத்தீலியாம்மா, தப்பு என்னுதுதான். இப்பவே வரிசையா போட்டுடறேன். வந்து உக்காருங்க."

"நீங்க பாருங்கய்யா. ஒரே நாள்ல ரெண்டு தடவ என்னால சாக முடியாது."

அவர் உள்ளே போனார். அவளுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. எட்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் பிள்ளை மழுப்பாமல் ஒரு வார்த்தை பேசியிருக்கிறான். அது கேட்ட பதில் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன். உயிரோடதான் இருக்கேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்பத் தெரியுதோ அப்ப சொல்லு. ஆனா தெரிஞ்சதும் படம் கிடம் எடுத்துட்டிருக்காதடா. போன் பண்ணு."