பீர் முகைதீன் பார்த்த குகை*

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை.

என் பெயர் குழந்தைவேலு. ரங்கூனில், பபேடானில், ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். பர்மிய எழுத்துப் பிழை திருத்துவது வயிற்றுக்கு, தமிழில் எழுதுவது ஆசைக்கு. எங்கள் தெருத் தமிழர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலர் கொண்டுவருகிறோம். கையால் எழுதி, நகலெடுத்து, நூறு பேருக்குக் கொடுப்போம். எழுதுவதும் நான்தான், ஊசி நூலால் தைப்பதும் நான்தான். 2004ஆம் வருட மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்றார்கள். பயணம் போனவன் பீர் முகைதீன். எழுத வேண்டியவன் நான்.

பீர் என்னோடு ஒரே பெஞ்சில் பர்மியப் பள்ளியில் படித்தவன். குடைக்கடை வைத்திருக்கிறான். தமிழ் பேசுவான், ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. அவன் மகள் ருக்சானாவைக் காரைக்கால் மாப்பிள்ளை ஒருவர் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். அவள் டிக்கெட் அனுப்ப, இவன் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தான். எங்கே சுற்றிக் காட்டினாளாம் தெரியுமா? வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கை.

உங்களுக்கு அது ஒரு பெயர். எனக்கோ அது

(எட்டு முறை முடித்து எட்டு முறையும் அடித்தேன். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1988 கடைசியில், கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, பன்சோடான் தெரு நடைபாதையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றியது. பல்லாயிரம் வருடங்களுக்கு முன் குகைச் சுவரில் மனிதன் வரைந்த காளைகள், குதிரைகள். பாறையோடு ஒட்டிக்கொண்ட பழைய கிராமங்கள். பதினாறு வருடமாகத் தினமும் புரட்டுகிறேன். ஆற்றின் வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். "ஒருநாள் அந்தக் குகைக்குள்ள போய் நிப்பேன் பாரு" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லியே எனக்குக் குகைக்காரன் என்று பெயர் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை நான் கையால் தொட்டதுகூட இல்லை.)

போய் வந்தது யார்? குடைக்காரன்.

2

முதல் தொடக்கம்: "நீலப் பட்டு விரித்தாற்போல் வெசேர் நதி..." வேண்டாம். தண்ணீர் பச்சை என்று பீர் சொன்னான்.

இரண்டாவது: "வரலாற்றின் வாசலில் நின்ற பீர் முகைதீன்..." அவன் வாயில் வரலாறு என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

மூன்றாவது: "நான் அந்தக் குகைக்குள் நுழைந்தபோது..." இது நன்றாக ஓடியது. ஒன்றரைப் பக்கம் போன பிறகுதான் கவனித்தேன், உள்ளே நுழைந்திருப்பவன் பீர் இல்லை. அடித்தேன்.

கடைசியில் அவனையே சொல்லச் சொன்னேன். டீக்கடையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு லபெயே டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தான்.

"ஆறு என்னப்பா ஆறு. நம்ம க்யிம்யிண்டைங் ஜெட்டியில ஒரு சம்பான் படகு திரும்புற அகலம்தான்."

"கிராமங்க?"

"பாறையில முதுக சாச்ச மாதிரி வீடு. கூரையும் கல்லு. ஐநூறு வருசம், அறுநூறு வருசம்னாங்க. நான் மழையில நின்னு அண்ணாந்து பாத்துட்டு உள்ளயும் போய்ப் பாத்தேன். ஒரு எடத்துலகூட ஒழுகலப்பா."

குடைக்காரன் கண். பதினாறு வருடம் படம் பார்த்த எனக்குக் கூரை ஒழுகுமா என்று ஒருநாளும் தோன்றவில்லை. வயிறு எரிந்தது. எழுதிக்கொண்டேன்.

3

குகைக்கு வருவோம். லாஸ்கோ என்று பெயர். வாசலில் பீர் செருப்பைக் கழற்றினான்.

எங்கள் பர்மாவில் குகை என்றால் உள்ளே புத்தர் இருப்பார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது நானும் பீரும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசலில் கழற்றிவிட்டுத்தான் போனோம். எந்த மதமானாலும் இங்கே பிறந்தவன் காலுக்கு அது பழகிவிட்டது. ரங்கூன்காரன் தவிர வேறு எவனும் பிரான்சில் இப்படிச் செய்திருக்க மாட்டான்.

"கூட்டிப்போற பொம்பள வேணாம் வேணாம்னு கை காட்டுது. மகளுக்கு வெக்கமாப் போச்சு. நான் ஃபனாட்டக் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட போயிட்டேன். நாப்பது நிமிசம். ஐஸ் மாதிரி தரை."

அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் தன் காலணியைக் கழற்றினாள். (இல்லை. கிழவி என் கைவேலை. எடுத்துவிடுகிறேன்.)

மகள் எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான். குகை வாசல், கையில் செருப்போடு பீர். குடை வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையைச் சொல்கிறான்.

4

இனி நான் மறைத்ததைச் சொல்ல வேண்டும்.

என் புத்தகத்தில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அசல் குகையை 1963லேயே பூட்டிவிட்டார்கள், ஜனங்களின் மூச்சுக்காற்றில் ஓவியம் கெடுகிறது என்று. பக்கத்தில் சிமெண்டில் ஒரு நகல் கட்டப்போகிறார்கள். வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். இதை மட்டும் நான் டீக்கடையில் சொன்னதில்லை. சொன்னால் என் "ஒருநாள்" என்ன ஆவது?

ஆக, பீர் வெறுங்காலோடு நின்றது சிமெண்டில். கட்டுரையின் தலைப்பில் 'குகை' என்ற சொல்லுக்கு மேல் ஒரு நட்சத்திரம் போட்டேன். பக்கத்தின் அடியில் விஷயத்தை இரண்டு வரியில் எழுதினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

முடிவு அ: மலர் வெளிவருகிறது. குடை வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "சிமெண்டுக்கா பாய் செருப்பைக் கழட்டினீங்க?" என்கிறார்கள். ஒரு வாரத்தில் படம் சுவரிலிருந்து இறங்குகிறது.

முடிவு ஆ: நான் மனம் திருந்தி அடிக்குறிப்பை அடித்துவிடுகிறேன். (இந்தக் குழந்தைவேலுவை நானே நம்பவில்லை.)

5

நடந்தது இது. கட்டுரையைப் பீருக்கு வாசித்துக் காட்டினேன், அடிக்குறிப்பைத் தவிர. கூரை வந்த இடத்தில் சிரித்தான். பிறகு தாளை வாங்கி, படிக்கத் தெரிந்தவன் மாதிரி மேலும் கீழும் பார்த்தான்.

"இந்த நட்சத்திரம் என்னது?"

"கீழ ஒரு குறிப்பு இருக்குன்னு அர்த்தம்."

"அதப் படிக்கலியே."

"சின்ன விசயம்தான்."

அவன் டீயை ஆற்றினான்.

"சிமெண்டுன்னு எழுதியிருக்கியா?"

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அப்ப உனக்கும் தெரியுமா வேலு? டிக்கெட் எடுக்குறப்பவே மக சொல்லிட்டா, அசலப் பூட்டி நாப்பது வருசமாச்சுன்னு. எனக்கு உடனே உன் நெனப்புதான். உள்ள போய் நிப்பேன், நிப்பேன்னு சொல்லிக்கிட்டே இருக்க. போனாலும் நிக்க முடியாதுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் யார் கேட்டாலும் அசல்னே சொல்லிட்டு இருந்தேன். யாரு வாய் வழியாவும் உன் காதுக்கு வந்துரக் கூடாதுல்ல."

"சிமெண்டுன்னு தெரிஞ்சா ஃபனாட்டக் கழட்டுன?"

"உள்ள போனா குகை மாதிரிதான்ப்பா இருந்திச்சு."

பிறகு, "என்ன எழுதியிருக்க, படி, கேப்போம்" என்றான். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

6

இருவருக்கும் தெரிந்திருந்தது ஒரே விஷயம். அவன் எனக்காக மறைத்தான். நான் அவனைக் குத்துவதற்கு வைத்திருந்தேன். இதுவரை அவன் போன ஊரின் மேல்தான் எனக்குப் பொறாமை. இப்போது அவன் மேலேயே பொறாமையாக இருக்கிறது, இது முன்னதைவிட மோசம்.

நாளைக் காலை தாள்கள் நகலெடுக்கப் போகின்றன. அடிக்குறிப்பின் இரண்டு வரியையும் பிளேடால் சுரண்டிவிட்டேன். நட்சத்திரத்தைச் சுரண்டப் போனால் தலைப்பில் ஓட்டை விழும்போல இருக்கிறது. அது இருந்தால் கீழே ஏதாவது இருந்தாக வேண்டும். மூன்று வரி எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவனாகத் தெரிந்தேன்.

அதனால் நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பீர் மலரை எடுத்துக்கொண்டு தமிழ் படிக்கத் தெரிந்த யாரிடமாவது வருவான், அந்த நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்துக் கேட்பான். நீங்கள் எழுதியதை நீங்களே அவன் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்ட வேண்டும்.

______________

\*