பிரிக்காத எழுத்து

மழைக்கு முந்தைய வெளிச்சம். வேப்பேரியின் ஓட்டுக்கூரைகளில் சாம்பலாய் இறங்கி, ஞானாபரணத்தின் அச்சகத்துக்குள் நுழைந்து, ஈய எழுத்துகளின் முகத்தில் படியும்.

கண் கூசாத வெளிச்சம். கெர்டாவுக்கு அது போதும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து எழுத்துப் பட்டறை ஒன்றில் அவள் அப்பா எஃகில் அச்செழுத்து செதுக்கியவர். அவருடைய கை அவளுக்கு வந்தது. அவர் போனபின் அவருடைய மேசையும் வந்தது. ஒரு காலையில், யூதப் பெண்ணுக்கு இங்கே மேசை இல்லை என்றார்கள்.

பிறகு, யூதர்களின் கடைக் கண்ணாடிகள் நொறுங்கிய நவம்பர். அவர்களின் ஜெபக்கூடம் எரிந்த நவம்பர். பிறகு கப்பல்.

அம்மா வரவில்லை. "நீ முதலில் போ. நான் பின்னாலேயே வருகிறேன்." ரயிலடியில் கையுறையைக் கழற்றிவிட்டு மகளின் கன்னத்தைத் தொட்டாள். குளிர்ந்த விரல்கள்.

சென்னையில் அவளுக்காகப் பொறுப்பேற்றவர் ஞானாபரணம். பள்ளிப் புத்தகம் அச்சடிப்பவர். அவர் புத்தகங்களில் எழுத்து நெருக்கியடித்துக் கிடந்தது. சுழிகளை மை அடைத்தது.

"இரண்டு சுழியா மூன்று சுழியா என்று பிள்ளைகள் தாளில் மூக்கை வைத்துப் பார்க்கிறார்கள், அம்மா. கொஞ்சம் மூச்சு விடுகிற எழுத்து வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில்.

மொழி தெரியாதவள் எழுத்தை வரைந்தாள். அவரை எழுதச் சொல்லி, கை எங்கே திரும்புகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்தபடி வரைந்தாள்.

அம்மாவின் பயணத்துக்கும் அவரே கையெழுத்திட்டார். அனுமதி வந்தது. செப்டம்பர் கடைசியில் கப்பல்.

செப்டம்பர் தொடக்கத்தில் போர். கடல் மூடிக்கொண்டது.

போலீஸ் வந்தது. கெர்டாவின் பாஸ்போர்ட்டில் யூதர் என்று சிவப்பு முத்திரை. அதை யாரும் படிக்கவில்லை. ஜெர்மன் என்பதை மட்டும் படித்தார்கள். எதிரி நாட்டவள்.

மலைமேல் முகாம். பனி. சாப்பாட்டு மேசையில் எதிரே, ஹிட்லரின் பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாடும் பெண்கள். உப்பை அவள் பக்கம் தள்ளமாட்டார்கள்.

அவள் வரைந்தாள். அதிகாரி தாளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். என்ன சங்கேதம் இது?

காவல்காரர் எட்டிப் பார்த்தார். "சங்கேதம் இல்லீங்க, துரை. இது ண. என் பொண்ணு சிலேட்டுல எழுதுறதுதான்." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "அவ இவ்வளவு அழகா எழுதமாட்டா."

மறு வருடம் விட்டார்கள். எஃகில் செதுக்கி, ஈயத்தில் வார்த்து, புத்தகம் வந்தது. கெர்டாவின் பெயர் அதில் இல்லை. அவள் கேட்கவும் இல்லை. பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்று பார்த்தாள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார்கள்.

அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு மழைக்காலம். இன்னொரு மழைக்காலம்.

போர் முடிந்தபின் செஞ்சிலுவைச் சங்கம் பதில் எழுதியது. ஒரு ஜனவரியில், அம்மாவையும் மற்ற யூதர்களையும் ஏற்றிய ரயில். கிழக்கே, ரீகாவுக்கு. அதற்குப்பின் எதுவும் இல்லை.

கெர்டா வேலைக்கு வந்தாள். ஈய எழுத்தைப் பெட்டியின் தப்பான அறையில் போட்டாள். எடுத்தாள். மறுபடி அதே அறையில் போட்டாள்.

ஞானாபரணம் பக்கத்தில் வந்து நின்றார். அந்த எழுத்தை எடுத்துச் சரியான அறையில் போட்டார்.

"அம்மாவுக்குக் கல்லறை இல்லை, ஐயா," என்றாள். இப்போது தமிழில். "பேரையாவது எங்கேயாவது நிறுத்த வேண்டும். ஜெர்மன் எழுத்தில் வேண்டாம். அதில் பட்டியல் எழுதி வைத்துத்தான் கூப்பிட்டுப் போனார்கள்."

பெயரைச் சொன்னாள். அதன் முதல் ஒலி வெறும் காற்று. கீழுதட்டைப் பல் தொட்டு வரும் காற்று.

"அந்த ஒலி எங்களிடம் இல்லையே, அம்மா." யோசித்தார். "ஆய்தத்தைப் 'ப'வுக்கு முன்னால் வைத்தால் வரும்."

மூன்று புள்ளி. அவள் வார்த்ததிலேயே அதிகம் தேயாதது. யாரும் எடுக்காமல் பெட்டி மூலையில் பளபளவென்று கிடந்தது.

கோத்தாள். மை தடவினாள். தாளை வைத்து அழுத்தினாள்.

ஃபானி.

ஞானாபரணம் வாய்விட்டுப் படித்தார். முதலில் 'பானி' என்றே வந்தது. பிறகு காற்றும் சேர்ந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் கெர்டா.

படித்தார்.

அச்சடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடுவது வழக்கம். கெர்டா பிரிக்கவில்லை. நூலைச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டாள்.